ஜப்பான்ல இசகாயாவுக்கு முதல் தடவை போறீங்களா? நோரென் (வாசல்ல தொங்குற துணி) தூக்கி உள்ள போறதுல இருந்து கடைசி ரயில் பிடிக்குற வரைக்கும்

ஜப்பானுக்கு ஆன்சைட் வர்ற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு நடக்குற கதை இது. வந்த முதல் வாரமே டீம்ல இருக்குற ஜப்பான்காரங்க வெல்கம் பார்ட்டின்னு ஒரு இசகாயாவுக்கு, அதாவது குடிச்சுக்கிட்டே சாப்புடுற ஜப்பான் கடைக்கு, கூட்டிட்டு போவாங்க, அங்க என்ன வருது யாரு சொன்னாங்க எதுக்கு கத்துறாங்கன்னு ஒண்ணும் புரியாம ரெண்டு மணி நேரம் சிரிச்சுட்டே உக்காந்துட்டு வருவோம், அதோட சரி, அப்புறம் ரெண்டு வருஷமும் தோக்கியோல நம்ம ஆளுங்க நெறைய இருக்குற நிஷி கசாய் ஏரியாவோட இந்தியன் கடை, வீட்டு சாம்பார்னு ஓட்டிட்டு ஊருக்கு பிளைட் ஏறிடுவோம். நானும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ரூம்மேட்டும் நானும் தைரியமா தனியா போனோம். பசி வேற. மெனுல படம் பாத்து எட்டு ஐட்டம் ஒரே மூச்சுல சொல்லிட்டோம், நம்ம ஊரு ஹோட்டல்ல சொல்ற மாதிரி. எல்லாம் அதது ரெடியான வரிசையில வந்துச்சு, சாதம் முதல்ல வந்து நின்னுச்சு, அதுக்கு தொட்டுக்க எதுவும் இல்ல, பொரிச்சது ஆறிப்போச்சு, டேபிள்ல கிளாஸ் வைக்க இடம் இல்ல, நாப்பது நிமிஷத்துல சாப்ட்டு முடிச்சு பில் கேட்டா நாங்க கேக்கவே கேக்காத ஒரு ஐட்டம் ரெண்டு பேருக்கும் போட்டு வந்துச்சு. ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்கு நின்னோம். இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு, ஏன்னா தப்பு முழுக்க எங்களோடது. அந்த தப்பை நீங்க பண்ண வேணாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, இசகாயா சாப்பாட்டுக்கடை இல்ல, உக்காருற கடை. பேர்லயே இருக்கு: இ ன்னா இருக்குறது, சகே ன்னா மது, யா ன்னா கடை. எதோ காலத்துல, அதாவது தோக்கியோவுக்கு எதோன்னு பேரு இருந்தப்ப, சரக்கு விக்குற கடையில வாங்கினவங்க அங்கயே உக்காந்து குடிக்க ஆரம்பிச்சாங்க, கூட கடிக்க எதாவது குடுங்கன்னாங்க, அப்படி வளந்ததுதான் இது. (அந்த இ க்கு வினைச்சொல் 'இரு', ஆளு இருந்தா அவங்களும் 'இரு'ன்னுதான் சொல்றாங்க. தமிழும் ஜப்பானிய மொழியும் சொந்தம்னு சுசுமு ஓனோங்குற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா எழுதுனாரு, மொழியியல் ஆளுங்க பெரும்பாலும் அதை ஒத்துக்கல, ஆனா கவுண்டர்ல பக்கத்துல உக்காந்திருக்கவங்க கிட்ட பேச்சு ஆரம்பிக்க இந்த 'இரு' ரொம்ப உதவும்.) நீங்க காசு குடுக்குறது அந்த இருக்கைக்கும் சேத்துத்தான். அதனால மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. இதை மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஸ்டெப் 1: எந்த கடை

முதல் தடவைக்கு செயின் கடை போங்க, தப்பே இல்ல. டோரிகிசோகு மாதிரி இடத்துல கோழி குச்சியில இருந்து பியர் வரைக்கும் எல்லாமே ஒரே விலை, கணக்கு போட தேவையில்ல, படம் இருக்கும். இங்க ரெண்டு மூணு தடவை பழகிட்டு அப்புறம் உங்க ஸ்டேஷன் பின்னாடி சந்துல சிவப்பு காகித விளக்கு தொங்குற கடைக்கு போங்க. அந்த விளக்குக்கு அகாச்சோச்சின்னு பேரு, அது எரியுதுன்னா கடை இருக்குன்னு அர்த்தம். வாசல்ல தொங்குற துணி நோரென், அது வெளிய தொங்குனா கடை திறந்திருக்கு, உள்ள எடுத்து வச்சுட்டா மூடியாச்சு.

தபேலாக்குங்குற ஜப்பான் ரெஸ்டாரன்ட் ரிவ்யூ சைட்ல ரேட்டிங் பாக்குறவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம ஊரு ஆப்ல 4க்கு கீழ இருந்தா தொடமாட்டோம், இங்க 3.5 வந்தாலே நல்ல கடை. 3.2ல இருக்குற தெருமுனை கடையில நான் தின்ன வறுத்த மீனை இன்னும் மறக்கல.

புகை ஒரு பிரச்சனை. 2020 ஏப்ரல்ல இருந்து உணவகத்துக்குள்ள சிகரெட் பிடிக்க பொதுவா தடை, ஆனா பழைய சின்ன கடைங்க சிலதுக்கு விலக்கு இருக்கு, அந்த மாதிரி கடை வாசல்லயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. புகை பிடிக்க விடுற இடத்துக்குள்ள 20 வயசுக்கு கீழ யாரும் போகக்கூடாது, அதனால குடும்பத்தோட குழந்தையோட போறவங்க ஸ்டிக்கரை பாத்துட்டு போங்க.

தோக்கியோ ஷின்ஜுகுல கபுகிச்சோ பக்கம் தெருவுல ஒருத்தன் நின்னு "அண்ணே வாங்க, ரெண்டு மணி நேரம் எவ்ளோ வேணா குடிக்கலாம், ரொம்ப சீப்"னு இங்கிலீஷ்ல கூப்பிடுவான். போகாதீங்க. அவ்ளோதான். அப்படி கூப்பிடுறவங்க பின்னாடி போகாதீங்கன்னு அந்த தெருவுலயே ஸ்பீக்கர்ல அறிவிப்பு ஓடிட்டே இருக்கும், அதையும் கேட்டுட்டே போறவங்க இருக்காங்க. நல்ல கடைக்கு தெருவுல ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் இல்ல.

ஸ்டெப் 2: உள்ள நுழையுறது

கதவை தள்ளாதீங்க, பெரும்பாலும் பக்கவாட்டுல இழுக்குற கதவு. இழுத்ததும் உள்ள இருக்குற எல்லாரும் சேந்து "இரஷ்ஷைமாசே!"ன்னு கத்துவாங்க. பயப்பட வேணாம், வாங்க வாங்கன்னுதான் சொல்றாங்க, பதில் சொல்ல தேவையில்ல, லேசா தலையை ஆட்டுனா போதும். எத்தனை பேருன்னு கேப்பாங்க, விரலை காட்டுங்க. வாயால சொல்லணும்னா தனியா வந்தா ஹிதோரி, ரெண்டு பேருன்னா ஃபுதாரி, மூணு பேருன்னா சன்னின். நீங்களா போயி காலி சேர்ல உக்காராதீங்க, அவங்க காட்டுற இடத்துலதான் உக்காரணும்.

செருப்பு ஷூ கழட்டுற கடையா இருந்தா வாசல்லயே மரப்பெட்டி வரிசையா இருக்கும், உள்ள வச்சு பூட்டி அந்த மரத்துண்டு சாவியை கையில எடுத்துக்கோங்க. இதுக்காகவே சொல்றேன், ஓட்டை இல்லாத சாக்ஸ் போட்டுட்டு போங்க. பாத்ரூம் வாசல்ல தனியா ஒரு செருப்பு இருக்கும், அதை உள்ள மட்டும் போடணும். அந்த செருப்போடவே நான் ஒரு தடவை நடந்து வந்து டேபிள்ல உக்காந்துட்டேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, ஆனா மொத்த கடையும் பாத்துச்சு.

தரையில உக்காருற இடம் குடுத்தா முட்டி வலிக்குமேன்னு யோசிக்காதீங்க, பாதி கடையில டேபிளுக்கு கீழ கால் தொங்கப்போட பள்ளம் வெட்டியிருப்பாங்க. ஒருத்தர் ரெண்டு பேர்னா கவுண்டர் கேளுங்க. கவுண்டர்தான் இசகாயாவோட உயிரு, கண்ணு முன்னாடி அடுப்பு, கடைக்காரர் முகம், பக்கத்து ஆள் என்ன சாப்புடுறாருன்னு எட்டி பாக்கலாம்.

ஸ்டெப் 3: கேக்காம வர்ற அந்த கிண்ணம்

உக்காந்ததும் சுருட்டுன ஈரத்துண்டு வரும், சூடா இல்ல ஜில்லுன்னு, சீசனை பொறுத்து. அது கைக்கு. முகம் கழுத்துன்னு தொடைக்குற பெரியவங்களும் இருக்காங்க, நாம அதை பாத்து கத்துக்க வேணாம்.

அதோட ஒரு குட்டி கிண்ணத்துல எதாவது வரும். இதுதான் எங்க சண்டைக்கு காரணம். பேரு ஒதோஷி, ஒசாகா பக்கம் சுகிதாஷி. பொதுவா தலைக்கு 300ல இருந்து 500 யென். கேக்காமலே வரும், பில்லுல ஏறும், வேணாம்னு திருப்பி குடுக்க பெரும்பாலும் முடியாது (சில செயின் கடையில உக்காந்த உடனே கேட்டா எடுத்துடுவாங்க). இதை ஏமாத்துன்னு நெனைக்காதீங்க, உக்காருற இடத்துக்கு வாடகைன்னு வச்சுக்கோங்க, கூட ஒரு வாய் சாப்பாடு இலவசம். நல்ல கடையா இல்லையான்னு அந்த கிண்ணத்துலயே தெரிஞ்சுடும். பாக்கெட் பிரிச்சு கொட்டுன ஊறுகாயா வந்தா ஒரு டிரிங்க்கோட கிளம்பிடலாம், அன்னைக்கு வேகவச்ச முள்ளங்கியோ காலைல செஞ்ச வதக்கலோ வந்தா நிம்மதியா உக்காருங்க. ஷியோகாரான்னு கணவாயை அதோட குடலோடவே உப்புல ஊறவச்சது வரலாம், வாசனை தூக்கும், கருவாடு ரசிக்குறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 4: முதல் டிரிங்க், உடனே

மெனுவை விரிச்சு வச்சு பத்து நிமிஷம் ஆராயக்கூடாது. துண்டு குடுக்கும்போதே குடிக்க என்னன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் இவங்க கிட்ட ஒரு மந்திரம் இருக்கு, "தொரியாயேசு நாமா", அதாவது இப்போதைக்கு ஒரு டிராஃப்ட் பியர். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டா சீக்கிரம் வரும், கிளாஸ் கையில வந்த அப்புறம் சாப்பாட்டை யோசிக்கலாம்.

குடிக்காதவங்களுக்கு: தயங்கவே தயங்காதீங்க. ஊரொங் டீ சொல்லுங்க, சக்கரை பால் எதுவும் இருக்காது, எண்ணெய் சாப்பாட்டுக்கு நல்லா இருக்கும். ஜிஞ்சர் ஏல், ஆல்கஹால் இல்லாத பியர்னு எல்லாம் இருக்கு, எங்க டீம்லயே மூணு ஜப்பான்காரங்க குடிக்கமாட்டாங்க. ஆனா இலவச தண்ணியை மட்டும் வச்சுட்டு உக்காந்திருக்கக்கூடாது, ஆளுக்கு ஒரு டிரிங்க்காவது சொல்லணும், அது எழுதாத சட்டம், சில கடையில எழுதியே வச்சிருப்பாங்க.

வயசு 20. 2022 ஏப்ரல்ல மேஜர் வயசை 18ன்னு குறைச்சாங்க, ஆனா மதுவுக்கும் சிகரெட்டுக்கும் 20தான். சின்ன முகமா இருந்தா கார்டு கேப்பாங்க, ரெசிடென்ஸ் கார்டு கையில இருக்கட்டும்.

எல்லாருக்கும் கிளாஸ் வர்ற வரைக்கும் ஒரு சிப் கூட குடிக்கக்கூடாது. வந்ததும் "கம்பாய்!" பெரியவங்க, மேனேஜர் இருந்தா அவங்க கிளாஸுக்கு கொஞ்சம் கீழ உங்க கிளாஸை வச்சு இடிங்க. பாட்டில் பியர் வந்தா உங்களுக்கு நீங்களே ஊத்திக்காதீங்க, பக்கத்துல இருக்கவங்களுக்கு நீங்க ஊத்துங்க, அவங்க உங்களுக்கு ஊத்துவாங்க. பந்தியில அடுத்தவங்க இலையை பாத்து "இங்க கொஞ்சம் சாம்பார்"னு சொல்ற பழக்கம் இருக்குல்ல, அதேதான்.

ஸ்டெப் 5: சாப்பாடு சொல்றது, இதுதான் முக்கியம்

ஒரு தடவைக்கு ரெண்டு மூணு ஐட்டம், அதுக்கு மேல வேணாம். தட்டெல்லாம் நடுவுல வச்சு எல்லாரும் பகிர்ந்து சாப்புடுற அளவுலதான் வரும், ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்ல ஆரம்பிச்சா நீங்களும் எங்களை மாதிரிதான் முழிப்பீங்க.

முதல் சுத்துல சீக்கிரம் வர்றதா சொல்லுங்க. எதமாமே, பச்சை சோயாபீன்ஸை தோலோட அவிச்சு உப்பு தூவினது, நம்ம அவிச்ச வேர்க்கடலையோட சொந்தக்காரன், கையாலயே பிதுக்கி தின்னலாம். ஹியயாக்கோ, ஜில்லுன்னு தோஃபு. வெள்ளரிக்காய், கேபேஜ், பொட்டேட்டோ சாலட். பொட்டேட்டோ சாலட் சாதாரண விஷயம்தான், ஆனா ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பக்குவம், ரெகுலரா போறவங்க அதை வச்சே கடையை எடை போடுவாங்க, நாம சட்னியை வச்சு டிபன் கடையை எடை போடுற மாதிரி.

ரெண்டாவது சுத்து சஷிமி, அதாவது பச்சை மீன். பிடிக்கும்னா கலந்து ஒரு தட்டா கேளுங்க. பிடிக்காதுன்னா தயவு செஞ்சு வெல்கம் பார்ட்டில வீரம் காட்டாதீங்க, கட்டி வச்ச வாசாபியை (பச்சை கார விழுது) முழுசா வாயில போட்டு கண்ணீர் விட்ட ஆளுங்களை பாத்திருக்கேன்.

அப்புறம் குச்சி. யாகிதோரின்னா கரியில சுட்ட கோழி. இங்கதான் நான் ஜப்பான்காரங்களை மனசார மதிக்க ஆரம்பிச்சேன், ஒரு கோழியை இவ்ளோ பிரிச்சு விக்க முடியுமான்னு. மோமோன்னா தொடை, அதுக்கு நடுவுல வெங்காயத்தாள் கோத்தா நெகிமா, சுகுனேன்னா கொத்துக்கறி உருண்டை, கவா தோலு, ஹாட்சு இதயம், ரெபா ஈரல், நன்கோட்சு குருத்தெலும்பு, சுனாகிமோ இரைப்பை (கடிச்சா நறுக்குன்னு இருக்கும், எனக்கு இதுதான் முதல்), போன்ஜிரி வால் பக்கத்து கொழுப்பு. சொன்னதும் "ஷியோவா தாரேவா"ன்னு திருப்பி கேப்பாங்க. ஷியோ உப்பு, தாரே இனிப்பு கலந்த சோயா சாஸ். என் கணக்கு, ஈரலும் சுகுனேவும் தாரே, மத்ததெல்லாம் ஷியோ. எது நல்லாருக்கும்னு கேட்டு "ஒமகாசே"ன்னு சொல்லிட்டாலும் சரி, அவங்களே முடிவு பண்ணுவாங்க. நிறைய கடையில ஒரு பிளேட்டுக்கு ரெண்டு குச்சி. குச்சியில இருந்து உருவி தட்டுல போட்டு பங்கு வைக்குறதை விட குச்சியோட கடிக்குறதுதான் சுவை.

அப்புறம் பொரிச்சது. கரஅகே இருக்கே, சிக்கன் 65 சாப்ட்டு வளந்த நம்ம நாக்குக்கு முதல்ல காரம் இல்லையேன்னு தோணும், மேல எலுமிச்சை பிழிஞ்சு, டேபிள்ல இருக்குற ஷிச்சிமி மிளகாப்பொடியை தூவிக்கிட்டா சரியாயிடும். டேபிள்ல எல்லாருக்கும் பொதுவா இருக்குறப்ப கேக்காம எலுமிச்சை பிழியாதீங்க, இங்க அது ஒரு பெரிய பஞ்சாயத்து. ஒசாகா போனா குஷிகட்சு, பொரிச்ச குச்சி, பொது சாஸ் டப்பால ஒரு தடவைதான் முக்கணும், கடிச்சுட்டு ரெண்டாவது தடவை முக்கக்கூடாதுன்னு சுவத்துலயே எழுதியிருப்பாங்க. எச்சில் பத்தி இவ்ளோ கறாரா இருக்குறதுல நம்ம பாட்டிங்களுக்கு அப்புறம் இவங்கதான்.

சாதம், நூடுல்ஸ் எல்லாம் கடைசி. அதுக்கு ஷிமேன்னு பேரு, முடிக்குறதுன்னு அர்த்தம். ஒச்சாசுகேன்னு சாதத்துல சூடா டீயோ சாறோ ஊத்தி குடுப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு வயித்துக்கு அவ்ளோ இதமா இருக்கும், ரசஞ்சாதம் சாப்ட்டு எந்திரிக்குற மாதிரி. நாங்க முதல் நாள் சாதத்தை முதல்ல சொன்னதும் அந்த பையன் ஏன் ரெண்டு தடவை திருப்பி கேட்டான்னு இப்ப புரியுது.

கூப்பிடணும்னா "சுமிமாசேன்!"னு சத்தமா சொல்லுங்க. நீங்க கூப்பிடாம யாரும் வரமாட்டாங்க, அது அலட்சியம் இல்ல, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான். நாம வெக்கப்பட்டு மெதுவா சொல்லிட்டு கண்டுக்கலைன்னு கோவப்படுவோம். வயித்துல இருந்து கத்துங்க. செயின் கடையில பெல்லு, டேப்லட், இல்ல போன்ல கியூஆர்.

ஸ்டெப் 6: சைவம், மாட்டுக்கறி பன்னி வேணாங்குறவங்க

உண்மையை சொல்லிடுறேன், சுத்த சைவத்துக்கு இசகாயா கஷ்டம். காரணம் கறி இல்ல, தாஷி. தாஷின்னா சாறு, அதுல கத்சுவோபுஷி இருக்கும். தூத்துக்குடி பக்கமும் இலங்கையிலயும் மாசி சம்பலுக்கு போடுற மாசி கருவாடு தெரியுமா, கிட்டத்தட்ட அதேதான், அதே சூரை மீனை காயவச்சு சீவுனது. அது மிசோ சூப்ல இருக்கும், முட்டை ரோல்ல இருக்கும், பொரிச்ச தோஃபு மேல ஊத்துற குழம்புல இருக்கும், ஹியயாக்கோ மேல தூவலா ஆடிட்டு இருக்கும். கத்திரிக்காய்தானேன்னு சொன்னா அது மேலயும் இருக்கும். பொட்டேட்டோ சாலட்ல ஹேம் துண்டு ஒளிஞ்சிருக்கும்.

நான் சைவ நண்பர்களை கூட்டிட்டு போனா சொல்றது இதான்: எதமாமே, வெட்டுன தக்காளி, பிரெஞ்சு ஃபிரைஸ், தூவல் இல்லாம ஹியயாக்கோ ("கத்சுவோபுஷி நுகி தே"ன்னா அது போடாமன்னு அர்த்தம்), சுட்ட ஷிஷிதோ மிளகாய் தூவல் இல்லாம, உப்பு சோத்து உருண்டை. "நிக்கு தோ சகனா தபேராரெமாசென்"னா கறியும் மீனும் சாப்பிடமாட்டேன். ஆனா மீன்னு சொன்னா அவங்க மனசுல மீன் துண்டுதான் வரும், தாஷி வராது, அதனால "தாஷி மோ தமே"ன்னு சேத்து சொல்லுங்க. இவ்ளோ கெடுபிடி வேணாம்னா வீட்டுல சாப்ட்டுட்டு வந்து எதமாமேவோட பேச்சு துணைக்கு உக்காரலாம், பாதி சைவ நண்பர்கள் அதான் பண்றாங்க.

ஹலால் பாக்குறவங்க, தாரேல மிரின்னு ஒரு இனிப்பு அரிசி மது கலந்திருக்கும், ஷியோ சொன்னாலும் சுடுற கம்பி ஒண்ணுதான், அதை தெரிஞ்சுக்கிட்டு போங்க. பன்னி புத்தா, மாடு கியூ. யாகிதோரியும் யாகிதோனும் ஒண்ணுன்னு ஏமாந்துடாதீங்க, தோன்னா பன்னி. மோட்சுநிங்குறது குடல் குழம்பு, போட்டி பிரியர்களுக்கு சொர்க்கம், பன்னியா மாடான்னு கேட்டுக்கோங்க. பசஷின்னு படத்துல சிவப்பா அழகா இருக்குறது குதிரைக்கறி, அதுவும் பச்சையா.

ஸ்டெப் 7: ரெண்டாவது டிரிங்க்ல இருந்து

பியருக்கு அப்புறம் வழி நிறைய பிரியும். ஹைபால்னா விஸ்கியில சோடா, நம்ம ஊரு கலவையை விட ரொம்ப தண்ணியா இருக்கும், ஸ்ட்ராங்கா இல்லைன்னு நாலு அடிச்சுட்டு எந்திரிக்கும்போதுதான் தெரியும். லெமன் சாவர், ஷோச்சுல (வடிச்ச சரக்கு, கீழ சொல்றேன்) சோடா எலுமிச்சை, பெரும்பாலும் சக்கரை கம்மி. கிரேப்ஃப்ரூட் சாவர் சொன்னா சில கடையில பாதி பழத்தையும் பிழியுற கிண்ணத்தையும் கையில குடுத்துடுவாங்க, நீங்களே பிழிஞ்சுக்கணும்.

தோக்கியோவுக்கே உரியது ஹோப்பி. 1948ல பியர் வாங்க காசு இல்லாத காலத்துல வந்தது, பியர் மாதிரி இருக்கும், ஆல்கஹால் சுமார் 0.8 சதவீதம்தான், தனியா ஷோச்சு வரும், நீங்களே கலந்துக்கணும். ஷோச்சு தீந்தா "நாகா", ஹோப்பி தீந்தா "சோத்தோ"ன்னு தனித்தனியா கேக்கலாம், உள்ள வெளியன்னு அர்த்தம். அசகுசால இதுக்குன்னே ஒரு தெரு இருக்கு.

ஷோச்சுன்னா வடிச்ச சரக்கு, சக்கரவள்ளிக்கிழங்குல செஞ்சா இமோ (ககோஷிமா ஊரு ஸ்பெஷல், வாசனை அதிகம்), பார்லின்னா முகி, அரிசின்னா கொமே. ஐஸோட, தண்ணியோட, சுடுதண்ணியோடன்னு மூணு விதமா கேக்கலாம், குளிர்காலத்துல சுடுதண்ணி கலந்த இமோ ஒண்ணு போதும். நாம சாகேன்னு சொல்றதை இவங்க நிஹோன்ஷுன்னு சொல்லுவாங்க, அரிசியை புளிக்கவச்சது, சுமார் 15 சதவீதம். ஒரு அளவுக்கு இச்சிகோன்னு பேரு, 180 மில்லி. சூடா வேணும்னா அட்சுகான், ஜில்லுன்னா ரெய்ஷு. சின்ன மரப்பெட்டிக்குள்ள கிளாஸை வச்சு வழிய வழிய ஊத்துவாங்க, சிந்திடுச்சேன்னு நிறுத்த சொல்லாதீங்க, அந்த வழிஞ்சதும் உங்களுக்குத்தான். கூடவே தண்ணி கேட்டு வாங்கி மாத்தி மாத்தி குடிங்க, "ஒஹியா"ன்னு சொன்னா இலவசமா குடுப்பாங்க.

நோமிஹோதாய்னா எவ்ளோ வேணா குடி, பொதுவா 90 இல்ல 120 நிமிஷம், அதுக்கு ஒரே விலை. கேக்க நல்லாருக்கு. ஆனா டேபிள்ல ஒருத்தர் எடுத்தா எல்லாரும் எடுக்கணும், கிளாஸ் காலியானாத்தான் அடுத்தது, கடைசி ஆர்டர் முடியுறதுக்கு அரை மணி முன்னாடியே. என் கருத்துல பெரிய கூட்டத்துக்கு மட்டும் இது சரி. ரெண்டு பேரு போயி போட்ட காசை எடுக்கணும்னு குடிச்சா மறுநாள் லீவுதான்.

ஸ்டெப் 8: சின்ன சின்ன மரியாதை

சாப்ஸ்டிக்ல இருந்து சாப்ஸ்டிக்குக்கு உணவை கை மாத்தாதீங்க, தகனம் முடிஞ்சு எலும்பை அப்படித்தான் எடுப்பாங்க. சோத்துல நட்டு வைக்காதீங்க, அதுவும் சாவு வீட்டு காரியம். மத்தபடி யாரும் உங்களை பரீட்சை வைக்கல. வராதுன்னா ஃபோர்க் கேளுங்க. மிச்சத்தை பார்சல் கேட்டா பெரும்பாலும் குடுக்கமாட்டாங்க, அதுக்கும் சேத்துத்தான் ரெண்டு ரெண்டு ஐட்டமா சொல்லுங்கன்னேன்.

ஸ்டெப் 9: பில்

"ஒகைகெய் ஒநெகாய்ஷிமாசு". இல்லைன்னா ரெண்டு ஆள்காட்டி விரலை குறுக்க வச்சு பெருக்கல் குறி காட்டுங்க, புரிஞ்சுப்பாங்க. நான் போற கடையோட விலையில ரெண்டு பேருக்கு ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். ஒதோஷி ரெண்டு 800, பியர் ரெண்டு 1200, ஹைபால் ரெண்டு 900, எதமாமே 350, சஷிமி 1200, குச்சி மூணு பிளேட் 1200, கரஅகே 650, ஒச்சாசுகே 450. மொத்தம் 6750. மேல 10 சதவீத வரி 675. ஆக 7425, தலைக்கு 3700 யென் சொச்சம். ரூவாயில மாத்தி பாக்காதீங்க, ஹைபால் இறங்காது.

மெனுல விலை ரெண்டா போட்டிருப்பாங்க, பெருசா இருக்குறது வரி இல்லாதது, பக்கத்துல குட்டியா இருக்குறதுதான் நீங்க கட்டப்போறது. ராத்திரி பத்து மணிக்கு மேல சில கடையில லேட் நைட் சார்ஜ் தனியா. சின்ன கடையில கார்டு எடுக்காம போகலாம், பணம் வச்சுக்கோங்க. டிப்ஸ் கிடையாது, வச்சுட்டு வந்தா மறந்துட்டீங்கன்னு நெனச்சு தெருவுல பின்னாடியே ஓடி வந்து குடுப்பாங்க, எனக்கு நடந்திருக்கு. கிளம்பும்போது "கொச்சிசோசமா தெஷ்தா" சொல்லிட்டு வாங்க, நல்லா சாப்ட்டோம்னு அர்த்தம், கடைக்காரர் முகம் மாறுறதை பாருங்க.

ஸ்டெப் 10: வீட்டுக்கு

கடைசி ரயில் நேரத்தை உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்து வைங்க, நடுராத்திரி வாக்குல நின்னுடும், விட்டா டாக்ஸிக்கு குடிச்ச காசை விட அதிகம் ஆகும். வண்டி ஓட்டுறது பத்தி பேசவே வேணாம், மூச்சுக்காத்துல லிட்டருக்கு 0.15 மில்லிகிராம்னா கேஸ், சரக்கு குடுத்தவங்க, வண்டி குடுத்தவங்க, தெரிஞ்சே பக்கத்துல உக்காந்தவங்க வரைக்கும் தண்டனை இருக்கு. நம்ம ஆளுங்க மாட்டுறது சைக்கிள்ல. ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு சைக்கிள்தானேன்னு ஏறிடுவாங்க. 2024 நவம்பர்ல இருந்து அதுக்கும் அதே 0.15 அளவுதான், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 5 லட்சம் யென் வரைக்கும் அபராதம். விசா இருக்குற நெலமைல இந்த ரிஸ்க் எதுக்கு, உருட்டிட்டு நடந்து போங்க.

ரெண்டாவது தடவையும் அதே கடைக்கு போங்க, அதே கிழமை, முடிஞ்சா அதே கவுண்டர் மூலை. புதுசு புதுசா தேடிட்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான். எங்க தெரு கடையில மூணாவது தடவை போனப்ப மாஸ்டர் (கடைக்காரரை இப்படி கூப்பிடுறது வழக்கம்) நான் கேக்காமலே சுனாகிமோ ஷியோ எடுத்து அடுப்புல வச்சாரு. அஞ்சாவது தடவை பாட்டில் கீப் போட்டேன், அதாவது ஒரு முழு ஷோச்சு பாட்டிலை வாங்கி கடையிலயே வச்சுடுறது, கழுத்துல பேரு எழுதுன அட்டையை தொங்கவிடுவாங்க, போறப்பலாம் ஐஸுக்கும் தண்ணிக்கும் மட்டும் காசு. பேரு எழுத பேனா குடுத்தாரு, தமிழ்ல எழுதுனேன். திருப்பி திருப்பி பாத்துட்டு எந்த பக்கம் மேலன்னு கேட்டாரு. இப்ப ஷெல்ஃப்ல இருபது பாட்டிலுக்கு நடுவுல என்னோடதை தேடவே வேண்டியதில்ல, ஆனா பாதி நாள் அந்த அட்டை தலைகீழாத்தான் தொங்குது.